வால்திவியா, மீன் சந்தைக்கு எதிரே

மேசை என்னுடையது இல்லை.
மருந்துக்கடை நெல்டா இரவல் தந்தது.
ஒரு கால் குட்டை. அதற்கடியில்
எங்கள் மனுத்தாள் ஒன்றையே
நாலாய் மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
மேலே குடை, குடைக்கு மேலே
ஜூன் மாதத்துச் சீலே மழை.

மேசைக்கடியில் லூனெஸ்.
திங்கட்கிழமை என்று அர்த்தம்.
அன்றுதான் அது சந்தைக்கு வந்து சேர்ந்ததாம்.
யார் வீட்டு நாயும் இல்லை,
எல்லார் வீட்டு எலும்பும் அதற்கு உண்டு.
ஆற்றங்கரைக் கடல்சிங்கங்களோடு
மீன்தலைக்குச் சண்டை போட்டுத்
தோற்றுத் தோற்றே கொழுத்திருந்தது.

மார்ச்சில் ஒரு காலை
வறுவல் கடை எரிபெர்த்தோ
கெண்டியைச் சாய்த்தான்.
"போகச் சொன்னேன், போகவில்லை"
என்றான் நீதிமன்றத்தில்.
அபராதத்தை அன்றைக்கே கட்டினான்
சில்லறையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு.
எண்ணி முடித்த எழுத்தர்
கை கழுவ எழுந்து போனார்.
அவ்வளவுதான் வழக்கு.

இப்போது அதன் முதுகில்
மயிர் முளைக்காத ஒரு வட்டம்,
இளஞ்சிவப்பாய், பெயருக்கேற்ற திங்கள்.
துளி அங்கே விழும்போதெல்லாம்
துள்ளி எழுகிறது.
குளிர்ந்த நீர்தான் என்று தெரிய
ஒரு கணம் ஆகிறது அதற்கு.
வருஷத்தில் பாதி நாள் நனைகிற ஊரில்
அந்தக் கணங்களையெல்லாம் கூட்டி
எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில்
எழுதச் சொல்வது?

கசாப்புக்காரர் ஒலெகாரியோ
கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வந்தார்.
"நான் கொல்கிறவன்," என்றார்,
"கொதிக்க வைத்துப் பார்க்கிறவன் இல்லை."
கையெழுத்து ஓரத்தில்
பழுப்பாய் ஒரு கட்டைவிரல்.

படகோட்டி நோல்பெர்த்தோ கேட்டார்:
"எத்தனை வருஷம் கேட்கிறீர்கள்?"
"ஐந்து."
பேனாவை வாங்கி மூடியைத் திறந்தார். மூடினார்.
"பேட்டரி ஒன்று திருடினேன். மூன்று வருஷம்.
உள்ளே போகும்போது
எனக்கு யாரையும் அடிக்கத் தெரியாது, அம்மணி."
ரொட்டியில் பாதியைப் பிய்த்து
குனிந்து நாய் முன்னால் வைத்துவிட்டு
படித்துறைக்கு இறங்கிப் போனார்.
இப்படிக் கேட்பவர்களுக்கென்று
அச்சடித்த பதில் ஒன்று எங்களிடம் உண்டு.
என் பையிலேயே இருந்தது.
ஈரமாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு மாணவர்கள் கூட்டமாய் வந்தார்கள்.
ஒருத்தி தன் அண்ணன் பெயரையும் எழுதப் பார்த்தாள்;
அடித்தேன்.
இன்னொருவன் நாயோடு படம் எடுத்துக்கொண்டு
கையெழுத்துப் போட மறந்து போனான்.

ஐந்து மணிக்கு எரிபெர்த்தோ
ஷட்டரை இறக்கிவிட்டு இந்தப் பக்கமாகத்தான் வந்தான்.
வேறு வழி இருக்கிறது, பாலத்தைச் சுற்றி.
லூனெஸ் எழுந்தது.
என் கை அதன் கழுத்துப்பட்டையில்.
அவன் செருப்பை முகர்ந்தது. வாலாட்டியது.
அதைப் பொறுத்தவரை குற்றவாளி கெண்டி.

நான் நாய் இல்லை.

"இதில் என் பேர் இருக்கிறதா?"
"இல்லை."
"எனக்கு ஏதாவது ஆகுமா?"
"ஆகாது. இனிமேல் ஊற்றப் போகிறவனுக்குத்தான்."
ஆறுதல் சொல்வது போல அது என் வாயிலிருந்து வந்தது.
அதற்காக என்னையே வெறுத்தேன்.
அவன் குடைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றான்,
ஏதோ சொல்லத் தொடங்கி
"மேசை ஆடுகிறது" என்றான்.
போய்விட்டான்.

நூற்றுப் பதினேழு பெயர்கள் இன்றைக்கு.
எனக்கு ஐந்து வருஷம் வேண்டும்.
படகோட்டி சொன்னதற்குப் பிறகும் வேண்டும்.
கொஞ்சம் வெட்கத்தோடு வேண்டும்.

மேசையை மடிக்கும்போது
குட்டைக் காலுக்கடியிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தேன்.
நாலு மடிப்பு, நடுவில் ஒரு சேற்று வட்டம்,
இருபது கோடுகள், எல்லாம் காலி.
வீட்டில் அடுப்பு மேல் கொடியில் காயப் போட வேண்டும்.
அடுப்பில் தண்ணீர் வைத்தால்
கெண்டி விசிலடிக்கும் முன்
எழுந்து போய் அணைக்கப் பழகிவிட்டேன்.
நாய் இப்போது என்னோடுதான் தூங்குகிறது.